ஃபுல்லிலேயே நின்ற முள்

நின்றுபோன காரைத் தள்ளுகிறவர்களை ஃபாயிஸா நிறையப் பார்த்திருக்கிறாள். காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிவிட்டு, குனிந்து காதை வைத்துக் கேட்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மினி பஸ்ஸுக்கு வயரிங் வேலையை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் ராஜபாளையம் திரும்பிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மாதத்துச் சாயங்காலம். மேற்கே மலை மொத்தமும் மேகத்துக்குள் போயிருந்தது. தூறல்... நிற்கவும் மாட்டேன், வலுக்கவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கிற தூறல். ரோட்டோரப் புளியமரத்தடியில் பால் நிறத்தில் ஒரு பழைய அம்பாசிடர் நின்றது. பின்சீட்டில் கல்யாண அலங்காரத்தோடு ஒரு பொண்ணும் மாப்பிள்ளையும். வெளியே இந்த ஆள்... உலுக்குகிறான், கேட்கிறான், மறுபடியும் உலுக்குகிறான்.

சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை ஹெல்மெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அவள் போயிருக்கலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் கை பிரேக்கைப் பிடித்துவிட்டது.

"என்னங்க... காருக்கு வயித்து வலியா?"

அவன் நிமிர்ந்தான். இமையெல்லாம் மழைத்துளி. கோபமாகப் பார்க்கத்தான் முயன்றான். அந்தக் கண்ணுக்கு அது பழக்கமில்லை போலிருக்கிறது, பாதியிலேயே குழம்பிப்போய் நின்றது. பெரிய கண்... ஆம்பளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய கண் என்று ஃபாயிஸாவுக்கு எரிச்சலாக வந்தது.

"வண்டி நின்னுபோச்சு. ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கு."

"பெட்ரோல் இல்ல. அதான் நின்னிருக்கு."

"அதெல்லாம் இருக்கு. முள்ளு ஃபுல்லுல நிக்கிது, வந்து பாருங்க."

"ஃபுல்லா இருந்தா எதுக்குக் காதை வச்சுக் கேக்கீக?"

அவன் காதைத் துடைத்துக்கொண்டான். பின்சீட்டுக் கண்ணாடி இறங்கி, பொண்ணின் முகம் வெளியே வந்தது. "ஷமீர் அண்ணே, மேக்கப்பு பூரா வழியுது. வீட்டுல தேடுவாங்க."

அப்படித்தான் அவன் பேர் தெரிந்தது. மிச்சத்தை ஃபாயிஸா கேட்காமலேயே அவன் சொன்னான். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். சோழபுரத்தில் ஒரு தோட்டத்து ஷெட்டில் கிடந்த காரை வாங்கி, பெயிண்ட் அடித்து, டிக்கிக்கும் சீட்டுக்கும் புது விரிப்புப் போட்டு, கல்யாண ஜோடிகளை உட்காரவைத்துப் போட்டோ எடுக்க வாடகைக்கு விடுகிறான். செண்பகத்தோப்பில் போட்டோ எடுத்து முடித்து, ஜோடியை ராஜபாளையத்தில் இறக்கிவிடப் போகிற வழியில் இப்படி ஆகிவிட்டது.

ஃபாயிஸா டூல் பையிலிருந்து ரப்பர் டியூபை எடுத்தாள். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே விட்டு ஊதினாள். குமிழிச் சத்தம் வரவேண்டும். வரவில்லை. வெறும் காற்று.

"கேட்டுச்சா?"

"...ம்."

அதே டியூபால் தன் ஸ்கூட்டரிலிருந்து ஒரு லிட்டர் இறக்கி அவன் காருக்கு ஊற்றினாள். பிறகு பேசாமல் கிளம்பியிருக்கலாம், அப்போதும் கிளம்பவில்லை.

"டிக்கியைத் தொறங்க. பெட்ரோல் ஊத்துனா வண்டி போயிரும், முள்ளு பொய் சொல்லிக்கிட்டேல்ல இருக்கும்."

"நீங்க... மெக்கானிக்கா?"

"ஆட்டோ எலக்ட்ரீசியன்."

இதைச் சொன்னதும் ஆண்கள் முகத்தில் ஒரு விநாடி என்னவோ நடக்கும். சிலருக்குப் புருவம் ஏறும், சிலருக்கு உதடு கோணும். எட்டு வருஷமாக அந்த ஒரு விநாடியை அவள் பார்த்துவருகிறாள். இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடிப்போய் ஒரு குடையை எடுத்துவந்து அவள் தலைக்கு மேல் பிடித்தான். போட்டோவுக்காக வாங்கிய ரோஸ் கலர் குடை, ஓரமெல்லாம் சரிகை ஜாலர். அதன் கீழே நின்று வேலை பார்க்க வெட்கமாக இருந்தது.

மாப்பிள்ளையை முன்சீட்டுக்கு வரச் சொன்னாள். சாவியைப் போட்டு முள்ளைப் பார்த்துச் சொல்கிற வேலை அவருக்கு. டேங்குக்குள் மிதவை இருக்கிறது, அதிலிருந்து முள்ளுக்கு ஒரே ஒரு வயர் போகிறது. அந்த வயரை டேங்க் பக்கம் கழற்றினாள்.

"இப்ப எங்க நிக்கிது?"

"ஃபுல்லு."

"கழட்டிப் போட்டும் ஃபுல்லா... அப்ப டேங்குல தப்பில்ல. வழியில எங்கயோ வயர் கார் பாடியில இடிக்கிது, அதான் முள்ளு ஃபுல்லுக்கு ஏறிருது."

டிக்கி விரிப்பை ஓரமாகத் தூக்கிக்கொண்டே போனாள். விரிப்புப் போட்டவர் ஆசையாக முடுக்கிய பளபள ஸ்க்ரூ ஒன்று, நேராக வயர் நெஞ்சிலேயே இறங்கியிருந்தது. அதைத் திருகி எடுத்தாள்.

"இப்ப?"

"இறங்குது... இறங்குது... காலி." மாப்பிள்ளை குரலில் தாலி கட்டி முடித்த சந்தோஷம்.

ஃபாயிஸா நிமிர்ந்தாள். குடை முழுக்க அவள் பக்கமே இருந்தது. ஷமீர் தலையோடு நனைந்து நின்றான். அவள் வேலையை அவ்வளவு நேரமும் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறான். அப்படி ஒருத்தன் பார்த்தால் ஸ்பேனர் ஏன் கையில் வழுக்குகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

வயருக்கு டேப் சுற்றி, டேங்கில் மாட்டி, நட்டை முடுக்கி, துணியால் ஈரம் துடைத்தாள். பிறகு பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்து நட்டின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள்.

"மழைக்குள்ள நின்னுக்கிட்டு நகப்பூச்சா?"

"அடையாளம். நட்டு ஒரு நூலளவு திரும்புனாலும் கோடு ஒடைஞ்சிரும். நான் முடுக்குனது தானாக் கழறாது."

"நகத்துல பூசவே மாட்டீகளா?"

"அஞ்சு வேளைத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கணும்ல. பூசுனா நகத்துல தண்ணி படாது."

"கிரீஸ் மட்டும் பரவாயில்லையாக்கும்..."

தன் கையைப் பார்த்துக்கொண்டாள். சட்டென்று துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டாள். "அதைத் தேச்சுக் கழுவிட்டுத்தான்," என்று முணுமுணுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தவள், வீடு வரும்வரை ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே போனாள்.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு நிலைகொள்ளாமை. கடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோனது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற அவர்கள் கடைமுன்னால் நாளைக்கு ஆயிரம் வண்டி போகும். பழைய ஹாரன் சத்தம் எதுவாக இருந்தாலும் கழுத்து தானாகத் திரும்பியது.

இப்படி அலைபாய அவளுக்கு நேரமே இல்லை. அவளைப் பெற்ற அத்தா மதார் சாகிப்புக்கு இரண்டு வருஷமாகக் கை நடுக்கம், ஸ்பேனர் பிடிக்க முடியாது. கடை ஃபாயிஸா கையில். தென்காசியில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவளைக் கேட்டிருந்தார்கள். நல்ல குடும்பம். ஒரே ஒரு சொல்: "கல்யாணத்துக்குப் பொறவு கடையெல்லாம் வேண்டாம்."

அத்தா யோசித்து யோசித்து ஒரு முடிவு வைத்திருந்தார். முத்துவீரன் என்று ஒருவர், பட்டாளத்திலிருந்து வந்தவர், பள்ளிக்கூட வேன் பன்னிரண்டு ஓட்டுகிறார். அத்தனை வேனுக்கும் வருஷ வேலை கேட்டிருந்தாள் ஃபாயிஸா. "அது கெடைச்சா கடை இருக்கட்டும், ஒன் இஷ்டம். கெடைக்கலன்னா பூட்டிட்டுத் தென்காசிக்குச் சரின்னு சொல்லு. கை ஒடிய நீ ஒத்தையில கெடந்து அல்லாடுறதப் பாக்க எனக்குத் தெம்பில்லம்மா." அவளும் தலையாட்டியிருந்தாள். வேலை எப்படியும் கிடைத்துவிடும் என்ற தைரியம்.

எட்டாம் நாள் அந்த ஹாரன் உண்மையாகவே கேட்டது.

"முள்ளு இப்ப காலியிலேயே கெடக்குங்க. டேங்க் நெறைய ஊத்திருக்கேன்," என்றான் ஷமீர். தலைமுடியைப் படிய வாரி, புதுச் சட்டை போட்டிருந்தான். கார் சரிபண்ண வருகிறவன் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வருவானா?

டிக்கியைத் திறந்து பார்த்தாள். நட்டு மூன்று சுற்று வெளியே வந்திருந்தது. சிவப்புக் கோடு இரண்டாக உடைந்திருந்தது. பக்கத்தில் புதுப் பெயிண்டில் ஒரு கீறல்... அளவு பொருந்தாத ஸ்பேனரை வைத்துத் திருகினால் விழுகிற கீறல்.

திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கடையின் சீலிங் ஃபேனை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

நீயே கழற்றிவிட்டு நீயே கொண்டுவருகிறாயா? நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. கேட்டால் அவமானப்பட்டுப் போய்விடுவான். போனால் அப்புறம் எதைச் சொல்லிக்கொண்டு வருவான்?

ஒன்றும் சொல்லாமல் முடுக்கினாள். புதுக் கோடு போட்டாள். இரண்டு நிமிஷ வேலையை அரைமணி நேரம் பார்த்தாள். வேலைக்குக் கூலியும் வாங்கவில்லை.

அடுத்த வாரமும் வந்தான், அதற்கு அடுத்த வாரமும் வந்தான், அதே முள், அதே நட்டு. அன்றைக்கு டீ வந்தது, இரண்டு பேரும் குடித்தார்கள். செண்பகத்தோப்பில் போட்டோ எடுக்கும்போது ஒரு மாப்பிள்ளையின் தலைப்பாகையைக் குரங்கு தூக்கிக்கொண்டு போன கதையை அவன் சொல்ல, அவள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அவன் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சிரிப்பையே பார்த்தான். ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது. நிற்கக்கூடாது என்று அவள் நினைத்தாள். நினைத்ததற்காக அன்று ராத்திரி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

இது எதிர்த்த டீக்கடை பெஞ்சுக்கு வேறு மாதிரி தெரிந்தது. பால் நிறத்தில் அவ்வளவு பெரிய கார், ஒரே கோளாறுக்கு மூன்றாவது முறை டிக்கியைத் திறந்துகொண்டு நிற்கிறது. அந்த பெஞ்சில்தான் முத்துவீரனும் டீ குடிப்பார். மறுநாள் கடைக்கு வந்தார்.

"பாப்பா, மனசுல வச்சுக்கிடாத. பச்சப் புள்ளைக போற வண்டி என்னோடது. ஒரு பழைய கார்ல ஒரு முள்ளு... அத மூணு வாட்டி பாத்தும் வேலை நிக்கலங்காங்க. வெள்ளிக்கெழமக்குள்ள வேற எடத்துல பேசி முடிச்சிரலாம்னு இருக்கேன்."

"நான் முடுக்குனது சரியாத்தான் அண்ணாச்சி இருந்துச்சு."

"பொறவு எப்பிடிக் கழறுது?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். கழற்றிவிட்டார்கள் என்று சொன்னால் தீர்ந்தது. யார், எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். மிச்சத்தை அந்த பெஞ்சே எழுதிக்கொள்ளும். அதோடு, தெரிந்துமா சும்மா இருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? ஃபாயிஸா மேஜையில் கிடந்த ஸ்பேனர்களை அடுக்கத் தொடங்கினாள். அவர் அதைப் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே நாற்காலியில் அத்தா எல்லாவற்றையும் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை, அத்தா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த நேரம், ஷமீர் வந்தான். எப்போதும் போல் டிக்கிச் சாவியை நீட்டினான்.

"தொறக்க வேண்டாம்," என்றாள்.

"முள்ளு மறுபடியும்..."

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் போடுற எடத்துல பதினொண்ணப் போட்டுத் திருகுனா பெயிண்டு உரியத்தான் செய்யும். நல்ல காரு... அதையாச்சும் விட்டு வையிங்க."

அவன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. "நான்... வந்து..."

"ஒங்களுக்கு வெளையாட்டு. பன்னெண்டு வேன் வேலை எனக்கு வர இருந்துச்சு. ஒரு முள்ளைச் சரிபண்ணத் தெரியாதவளுன்னு போச்சு. அது போனா இந்தக் கடையே போச்சு, தெரியுமா? ஆம்பள கடையில மூணு வாட்டி வந்தா வண்டியத்தான் குத்தம் சொல்லுவாக. இங்க வந்தா என் கையைத்தான் சொல்லுவாக."

"சத்தியமா இப்பிடி ஆகும்னு நெனைக்கலைங்க..."

"நெனைச்சிருக்கணும். போங்க... இனிமே இந்த வாசல்ல அந்தக் கார் நிக்கக் கூடாது."

அவன் போனான். போய்விட்டான் என்றதும்தான் எவ்வளவு உரக்கப் பேசினோம் என்று உறைத்தது. நியாயமாகப் பேசினாள். ஆனால் பாதி நியாயம்தான் பேசினாள்... அந்த மிச்சப் பாதி உள்ளேயிருந்து அவளைக் குடைந்தது.

செவ்வாய், புதன், வியாழன். ஒரு ஆட்டோவுக்கு வயரை மாற்றி மாட்டிக் கொடுத்துவிட்டாள், அந்த ஆட்டோக்காரர் பிரேக் மிதித்தபோது ஹாரன் அடித்தது. போனை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள், வைத்த கையோடு எடுப்பாள். வந்துவிடக்கூடாது என்று நினைப்பாள். வரவில்லையே என்று வாசலை எட்டிப் பார்ப்பாள். வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அத்தா மெதுவாகக் கேட்டார்: "தென்காசிக்கு நாளைக்கு போன் போடட்டுமாம்மா?" அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், முத்துவீரன் படியேறினார். பின்னாலேயே ஷமீர். சவரம் செய்யாத முகம். கண் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

"பாய், இந்தத் தம்பி மூணு நாளா என் ஷெட்டுக்கு நடையா நடக்கான். ஒரு விஷயம் சொல்லணும், ஆனா பாப்பா முன்னாலயும் ஒங்க முன்னாலயும்தான் சொல்லுவேங்கான். சொல்லு தம்பி."

ஷமீர் முன்னால் வந்து நின்றான். எதிர்த்த டீக்கடை பெஞ்சு முழுக்க இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

"அந்தக் கார்ல இவங்க வேலை மொத நாளே முடிஞ்சிருச்சு அண்ணாச்சி. பொறவு வந்த கோளாறு பூரா நான் பண்ணது. ஸ்பேனர் போட்டு நாந்தான் கழட்டுனேன், ஒவ்வொரு வாட்டியும்."

முத்துவீரனின் மீசை ஒரு பக்கம் ஏறியது. "ஏலே, ஓடுற வண்டியில எவனாவது நட்டைக் கழட்டுவானா? எதுக்குலே கழட்டுன?"

ஷமீர் அத்தாவைப் பார்த்தான். "இவங்களப் பாக்கணும்னு தோணுச்சு மாமா. பாத்தா பேசணும்னு தோணுச்சு. சும்மா வந்து நிக்கத் தைரியமில்ல... அவங்க பேருக்குக் கெடுதல் வரும்னு புத்தியில ஏறல. எனக்கு அவங்களப் புடிச்சிருக்கு. அதுக்காகப் பண்ணது தப்பு. புடிச்சது தப்பில்ல."

அத்தாவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. நாற்காலிக் கையைப் பிடித்தபடி எழுந்தார். "எம் புள்ள பொழப்போடயா வெளையாடுன நீ..."

ஃபாயிஸாவுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பேசாமல் நின்றால் போதும். பேர் திரும்பி வந்துவிட்டது, வேன் வந்துவிடும், கடை நிலைக்கும். அவனைத் திட்டி அனுப்பிவிடுவார்கள், அவன் தலைகுனிந்து போவான், அப்புறம் வரவே மாட்டான். வாயைத் திறந்தால் எல்லாமே மறுபடி அந்தரத்தில் நிற்கும்.

"அத்தா, அவங்கள மட்டும் சொல்லாதீங்க," என்றாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "எனக்கு ரெண்டாவது வாட்டியே தெரியும்."

ஷமீர் தலையைத் தூக்கினான்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றார் அத்தா.

"சொல்லிட்டா... பொறவு வர மாட்டாங்களே அத்தா."

சொல்லிவிட்டாள். காதுவரை சூடு ஏறியது. வாரக்கணக்காக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது எதுவோ சட்டென்று நின்று, மனசு லேசாகிவிட்டது.

முத்துவீரன் தாடையைத் தடவினார். "பாப்பா, தெரிஞ்சுக்கிட்டேதான் முடுக்குன. சரி. முடுக்குனது ஒவ்வொரு தடவையும் ஒழுங்காத்தான முடுக்குன?"

"ஒழுங்காத்தான் அண்ணாச்சி. பொய்யா முடுக்க எனக்கு வராது."

"அப்ப வேலையில குத்தம் இல்ல. மத்தது ஒங்க வீட்டு வெவகாரம், அதுக்குள்ள நான் வரல. திங்கக்கெழம காலையில மொத ரெண்டு வேன் வரும்." படியிறங்கியவர் திரும்பி, ஷமீரைப் பார்த்தார். "நீ என் ஷெட்டுப் பக்கம் ஸ்பேனரோட வந்த... தொலைச்சிருவேன்."

அத்தா மெல்ல உட்கார்ந்தார். மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். எட்டு வருஷமாகத் தனக்காக எதையும் கேட்காத பிள்ளை இப்போது கேட்டுவிட்டு நிற்கிறது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"வீட்டுல பெரியவங்க யாரு இருக்கா?"

"அம்மா இருக்காங்க மாமா."

"ஞாயித்துக்கெழம அவங்களக் கூட்டிட்டு வாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "அந்தக் கார்ல வேண்டாம். பஸ்ஸுல வாங்க. வந்து சேருவீகளோ என்னமோ..."

ஷமீர் தலையாட்டிவிட்டு வாசல்வரை போனான். ஃபாயிஸாவும் போனாள். வெளியே தூறத் தொடங்கியிருந்தது. அவன் படியில் நின்றான், அவள் வாசலில் நின்றாள். இத்தனை நாளும் நடுவில் ஒரு டிக்கி இருந்தது. இப்போது நேருக்கு நேர் பார்க்க இரண்டு பேருக்குமே தைரியம் போதவில்லை.

"ரெண்டாவது வாட்டியேவா?" என்றான் கடைசியில்.

"ம்."

"எனக்காகவா அரைமணி நேரம் முடுக்குனீக?"

அவள் கண்ணைத் தூக்கிப் பார்த்தாள். அவனும் ஃபேனைத் தேடவில்லை.

"ஆமா," என்றாள். "இனிமே சாக்கு ஒண்ணும் தூக்கிக்கிட்டு வராதீங்க. என்னையப் பாக்கணும்னா... சும்மா வாங்க."